சங்கில் தண்ணீரும் ஏழாம் மாதச் சோறும்

கேள்வி: டாக்டர், எங்கள் வீடு தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மகளுக்கு நாலு மாதம் முடிந்து ஐந்தாம் மாதம் நடக்கிறது. பிறந்தபோது 2.8 கிலோ, போன வாரம் பார்த்ததில் 6.1 கிலோ. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். அக்னி நட்சத்திரம் ஆரம்பித்ததிலிருந்து பிள்ளை அடிக்கடி பாலுக்கு அழுகிறாள். “தொண்டை வறண்டு கத்துது பிள்ளை, ரெண்டு சங்கு தண்ணி குடுத்தா என்ன?” என்று அவள் அப்பத்தா தினமும் கேட்கிறார்கள். நான் இல்லாதபோது ஒன்றிரண்டு தடவை கொடுத்தும் விட்டார்கள். பெண் பிள்ளைக்கு ஒற்றைப்படை மாதத்தில்தான் சோறூட்ட வேண்டும், அதனால் இந்த மாதமே பிள்ளையார்பட்டிக்குப் போய் ஊட்டிவிடலாம் என்கிறார்கள். பள்ளத்தூரிலிருந்து என் அம்மா ராகி மாவு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதை நன்றாக நீர்க்கக் காய்ச்சிக் கொடு, கெட்டியாக இருந்தால் தொண்டையில் சிக்கும் என்கிறார்கள். வீட்டில் கறவை மாடு இருக்கிறது, பசும்பாலும் கொடுக்கலாமா என்று மாமனார் கேட்கிறார். பிரசவத்துக்கு முன்பே ஆறு வாரம் லீவு எடுத்துவிட்டதால் இன்னும் இரண்டு வாரத்தில் காரைக்குடியில் வேலைக்குப் போயாக வேண்டும். என்ன செய்வது?

பதில்: நீங்கள் கேட்டிருப்பவற்றில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியதுதான். ஆறு மாதம் முடியும்வரை பிள்ளைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு ஊட்டும் சோற்றிலும் கஞ்சியிலும் தண்ணீர் அதிகம் வேண்டாம். முதலாவதை இப்போது நர்ஸம்மா முதல் டி.வி. வரை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதைச் சொல்ல ஆள் குறைவு. நான் பார்க்கும் பிள்ளைகளில் ஆறு மாதம்வரை கொழுகொழுவென்று இருந்து, எட்டு ஒன்பது மாதத்தில் எடை நின்றுபோய் வருகிறவர்களிடம் “என்ன ஊட்டுகிறீர்கள்?” என்று கேட்டால், பெரும்பாலும் ‘கஞ்சித் தண்ணி’, ‘பருப்புத் தண்ணி’, ‘ரசத்துத் தண்ணி’ என்றுதான் பதில் வருகிறது.

முதலில் சங்கு. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். அதிலும் பிள்ளை வாய் வைத்தவுடன் வருகிற பால் நீர்த்து இருக்கும், போகப் போகக் கொழுப்பு கூடும். வெயில் நாளில் பிள்ளை அடிக்கடி கேட்டு, கொஞ்ச நேரம் குடித்து, விட்டுவிடுவது இதனால்தான். அவள் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறாள். உங்களுக்குப் பால் போதவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. தில்லியின் கோடையில், தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளையும் கூடவே தண்ணீர் குடித்த பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சிறுநீரின் அளவு, அதன் அடர்த்தி, எடை எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. தில்லி வெயிலுக்குத் தாங்கியது தேவகோட்டை வெயிலுக்கும் தாங்கும்.

கொடுத்தால்தான் என்ன என்று அப்பத்தா கேட்பது நியாயமான கேள்வி. பிள்ளையின் வயிறு சின்னது. இரண்டு சங்கு தண்ணீர் போன இடத்தில் அவ்வளவு பால் போகாது. பால் குறைத்துக் குடித்தால் உங்களுக்குச் சுரப்பதும் குறையும். பிறகு நிஜமாகவே பால் போதாமல் போகும். தண்ணீரோடு கிருமி போய் வயிற்றுப்போக்கு வருவது இன்னொன்று. அதிகமாகக் கொடுத்துவிட்டால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரவும் வாய்ப்பு உண்டு, பிஞ்சுச் சிறுநீரகத்தால் அவ்வளவு தண்ணீரை வேகமாக வெளியேற்ற முடியாது. சீனித் தண்ணி, சீரகத் தண்ணி, கிரைப் வாட்டர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஒன்றிரண்டு தடவை கொடுத்தது போகட்டும், அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம்.

பிள்ளைக்குத் தண்ணீர் போதுகிறதா என்பதை மூத்திரத் துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல், மஞ்சள் இல்லாமல் வெளிறிப் போனால் போதுகிறது. வாய் உலர்ந்து, உச்சிக்குழி உள்வாங்கி, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, எட்டு மணி நேரமாக மூத்திரமே போகவில்லை என்றாலோ சங்கைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்றபடி வெயிலுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியவர் நீங்கள். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்பு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். தூளியை அடுப்படிப் பக்கம் கட்டாமல் காற்று வருகிற வளவுப் பக்கம் கட்டினால் பாதி அழுகை நின்றுவிடும்.

அந்த வெள்ளிச் சங்கைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். இன்னும் இரண்டு வாரத்தில் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. நீங்கள் வேலைக்குப் போனபின், கையால் பீய்ச்சி எடுத்து வைத்த உங்கள் பாலை அப்பத்தா அந்தச் சங்கிலேயே கொடுக்கட்டும். பாட்டிலைவிட இது எவ்வளவோ மேல். பாட்டில் ரப்பரைச் சுத்தமாக வைத்திருப்பது கஷ்டம், அதற்குப் பழகிய சில பிள்ளைகள் மார்பைச் சப்ப மறுத்துவிடும். சங்கைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் போதும். சங்கு மூக்கின் உள்பக்கம் அழுக்கு தங்குகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையைத் தலை உயர்த்திப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், படுக்க வைத்து ஊற்றக் கூடாது.

பீய்ச்சி எடுத்த பாலைச் சுத்தமான எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு நாள் தாராளமாக இருக்கும். வெளியில் வைத்தால் குளிர்ந்த அறையில்தான் நாலு மணி நேரம் தாங்கும், இந்த வெயிலுக்கு அதை நம்ப வேண்டாம். கொடுக்கும் முன் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் குளிர் விட்டால் போதும், அடுப்பில் காய்ச்சக் கூடாது. பிள்ளை குடித்தது போக மிச்சத்தை எடுத்து வைக்க வேண்டாம். காலையில் கிளம்பும்போதும் சாயங்காலம் வந்ததும் நேராகவே பால் கொடுங்கள். இரவில் பால் நன்றாகச் சுரக்கும், அதை விட்டுவிட வேண்டாம். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை கேட்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. அலுவலகத்தில் கதவு மூடுகிற ஒரு அறையில் அந்த நேரத்தில் பாலை எடுத்து வைக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

சோறூட்டு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் மாமியார் கட்சி. ஒற்றைப்படை மாதம் என்பதுதானே அவர்கள் கணக்கு? ஐந்தை விட்டால் ஏழு இருக்கிறது. ஆறு மாதம் நிறைந்த மறுநாளே ஏழாம் மாதம் பிறந்துவிடுகிறது. ஆறு மாதம், அதாவது 180 நாள், நிறைந்ததும் உணவு தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சாஸ்திரமும் மருத்துவமும் இவ்வளவு சுலபமாக ஒத்துப்போவது அபூர்வம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஏழாம் மாதத்தில் நல்ல நாள் பார்த்துப் பிள்ளையார்பட்டியிலேயே ஊட்டுங்கள். அன்றைக்கு நாக்கில் தொட்டு வைக்கிற பொங்கலால் ஒன்றும் ஆகிவிடாது. தேன் மட்டும் ஒரு வயதுவரை ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகி, பிள்ளையின் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

அதற்குள் பிள்ளையும் தயாராகியிருப்பாள். தலை ஆடாமல் நிற்கும், பிடித்தால் உட்காருவாள், நீங்கள் சாப்பிடும்போது கையைப் பார்ப்பாள், வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளுவது குறைந்திருக்கும். ஐந்தாம் மாதத்தில் ஊட்டினால் பாதிக்கு மேல் மோவாயில்தான் வழியும்.

இனி ராகி மாவு. உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய மாவில் குறையில்லை. நீர்க்கக் காய்ச்சு என்பதில்தான் எனக்கு வழக்கு. நூறு மில்லி தாய்ப்பாலில் சுமார் 65 கலோரி இருக்கிறது. இரண்டு டீஸ்பூன் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால், அதே நூறு மில்லியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதாவது சத்து சேர வேண்டும் என்று கொடுக்கிற கஞ்சி, உள்ளே போய் உங்கள் பாலை வெளியே தள்ளிவிட்டு அதைவிட இளைத்த ஒன்றை வயிற்றில் நிரப்புகிறது. பிள்ளை வயிறு நிறைந்து தூங்குவாள், அப்பத்தாவுக்கும் திருப்தி. எடை மட்டும் ஏறாது. ஆறு மாதம் முதல் எட்டு மாதம்வரை பாலுக்கு மேல் தினமும் சுமார் 200 கலோரி உணவிலிருந்து வர வேண்டும். ஒன்பது மாதம் முதல் அது 300 ஆகிறது. நீர்த்த கஞ்சியை வைத்து இதை எட்டவே முடியாது.

பதம் பார்க்கத் தராசு வேண்டாம். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். கடகடவென்று ஓடினால் நீர்த்துவிட்டது. ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு மெதுவாக விழுந்தால் அதுதான் பதம். தொண்டையில் சிக்குவதற்குக் காரணம் கெட்டித்தன்மை அல்ல, கட்டிதான். மசித்துக் கட்டி இல்லாமல் கொடுத்தால் கெட்டியானதையும் பிள்ளை அழகாக விழுங்கும். முதல் நாட்களில் குமட்டுவது போல முகத்தைச் சுளித்து நாக்கை நீட்டும், இருமும். அது பழகுகிற சத்தம், பயப்படத் தேவையில்லை. சத்தமே வராமல் முகம் நீலம் பாரிப்பதுதான் அடைப்பு. அதற்கான முதலுதவியை உங்கள் ஊர்ச் செவிலியரிடம் வீட்டில் எல்லாருமே ஒருமுறை நேரில் செய்துபார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் வேலையில் இருக்கும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.

தொடங்க மிக எளியது நம் வீட்டுச் சோறும் பாசிப்பருப்பும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு, லேசாக வறுத்துக் குக்கரில் குழைய வேகவைத்து, மத்தால் மசித்து, அரை டீஸ்பூன் நெய் விட்டு ஊட்டுங்கள். வயிறு சின்னதாக இருக்கும் பிள்ளைக்குச் சின்ன அளவில் நிறைய சக்தி தருவது நெய்யும் நல்லெண்ணெயும்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு மூன்று ஸ்பூனில் ஆரம்பித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் கூட்டி, எட்டு மாதம் முடிவதற்குள் வேளைக்கு அரை கப் வரை போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. ராகியை முளைகட்டி, நிழலில் காயவைத்து, வறுக்காமல் அரைத்துக் கொஞ்சம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சி கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் அந்த மாவில் அரை டீஸ்பூன் போட்டுக் கிளறினால், தண்ணீர் ஊற்றாமலே இளகி வரும். முளைவிட்ட தானியத்தில் இருக்கும் என்சைம் மாவுச்சத்தை உடைப்பதால் இப்படி ஆகிறது. வறுத்த மாவில் இது நடக்காது. இளகியபின் ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். உங்கள் அம்மா சொன்ன இளக்கமும் கிடைக்கும், நான் சொல்கிற சத்தும் இருக்கும்.

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவையும் ஒதுக்க வேண்டாம். அதில் ஏற்கெனவே வெல்லம் சேர்ந்திருக்கும், மேற்கொண்டு சீனி போடாதீர்கள்.

இரும்புச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஆறு மாதத்தில் உணவு தொடங்குவதற்கு முக்கியக் காரணமே அதுதான். பிறக்கும்போது பிள்ளை கொண்டுவந்த இரும்பு இருப்பு ஆறு மாதத்தில் ஏறக்குறையக் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். செட்டிநாட்டு அசைவச் சமையலில் இதற்கு வழி நிறைய இருக்கிறது, எல்லாமே பெரியவர்கள் இலைக்குப் போய்விடுகிறது. உங்கள் வீட்டில் அசைவம் உண்டென்றால், ஏழாம் மாதத்திலிருந்தே முழுக்க வெந்த முட்டையை மசித்துக் கொடுக்கலாம், மஞ்சள் கரு மட்டும் என்று இல்லை, வெள்ளைக்கருவும் சேர்த்துத்தான். முள் இல்லாமல் விரலால் நசுக்கிப் பார்த்து எடுத்த மீன், வேகவைத்து மசித்த கோழி, வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்பூன் ஆட்டு ஈரல், எல்லாம் ஆகும். குழம்பில் உப்பும் மிளகாயும் போடுமுன் பிள்ளைக்கு ஒரு கரண்டி தனியே எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையல் தேவையில்லை. சீரகம், பூண்டு, துளி மிளகு இருக்கலாம். சைவம் என்றால் பருப்பு, கீரை, ராகியோடு இரண்டு சொட்டு எலுமிச்சை அல்லது மசித்த தக்காளி சேருங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் குடல் உறிஞ்ச உதவும். இதற்கு மேல், ஆறு மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். மலம் கறுத்துப் போகும், பயம் வேண்டாம்.

நம் பக்கத்து வீடுகளில் இரும்பைக் கெடுப்பது டீ. ஐயா முகப்பில் உட்கார்ந்து குடிக்கும்போது பிஸ்கட்டை நனைத்துப் பேத்தி வாயில் வைப்பார், அன்புதான். ஆனால் டீயில் உள்ள டானின் சாப்பாட்டு இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். பிஸ்கட்டின் சீனியும் சோற்றுக்குப் பசி இல்லாமல் செய்யும். ஒரு வயதுவரை உப்பும் சீனியும் சேர்க்கத் தேவையே இல்லை. கருப்பட்டியானால் பரவாயில்லையே என்பார்கள், பிள்ளையின் நாக்குக்கு அதுவும் இனிப்புதான். கும்மாயமும் பால்பணியாரமும் எங்கும் போய்விடாது, கொஞ்சம் காத்திருக்கட்டும். வீட்டில் டின் டின்னாக இருக்கும் சீப்புச் சீடையும் தேன்குழலும் மனகோலமும் தவழுகிற பிள்ளைக்கு எட்டுகிற இடத்தில் வேண்டாம். கல்யாண வீட்டுக்குப் போனால் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள், யாராவது ஒருவர் ஆசையாகக் கையில் கொடுத்துவிடுவார். முழு நிலக்கடலை நாலைந்து வயதுவரை கூடாது, மூச்சுக்குழலில் போய் அடைக்கும். ஆனால் வறுத்த கடலையை மைய அரைத்துக் கஞ்சியில் கலந்து ஏழெட்டு மாதத்திலேயே கொடுத்துப் பழக்குவது நல்லது, பின்னால் கடலை ஒவ்வாமை வருவதை அது குறைக்கிறது. புது உணவு எதுவானாலும் ஒன்றொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு, பகல் நேரத்தில் ஆரம்பியுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே கடும் கரப்பான் இருந்தால் மட்டும் முட்டை, கடலைக்கு முன்பாக உங்கள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே காயைப் பத்துத் தடவை கொடுத்தபின் ஆசையாகத் தின்கிற பிள்ளைகள் உண்டு. வாயைத் திறக்க வைத்துத் திணிப்பதும், ஃபோனைக் காட்டி ஏமாற்றி ஊட்டுவதும் வேண்டாம். தலையைத் திருப்பினால் போதும் என்று சொல்கிறாள், அதை மதிக்க வேண்டும்.

தண்ணீர் எப்போது என்றால், சோறு தொடங்குகிற அன்றைக்குத்தான். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று ஸ்பூன், சாப்பிடும் முன் வேண்டாம். போகப் போகக் கூட்டி, ஒரு வயதை நெருங்கும்போது நாள் முழுக்கச் சேர்த்து அரை கப் முதல் ஒரு கப் போதும். ஊருணித் தண்ணீரோ, குழாயோ, கேன் தண்ணீரோ, எதுவானாலும் தளதளவென்று கொதித்து ஆறியது. அப்பத்தாவுக்கு அன்றைக்குச் சங்கு கிடைக்கும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். சிறு டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கவும் பிள்ளை அப்போதே பழகலாம். வயிற்றுப்போக்கு வந்தால் கணக்கு வேறு. தாய்ப்பாலை நிறுத்தாமல், ஒவ்வொரு தடவை போனபின்னும் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் வாருங்கள்.

உங்கள் மாமனாரின் பசும்பால் கேள்வி மிச்சமிருக்கிறது. குடிக்கிற பாலாக ஒரு வயதுக்கு முன் வேண்டாம். அதில் இரும்பு மிகக் குறைவு, புரதமும் உப்பும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அதிகம், சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத கசிவும் உண்டாகி இரத்தம் குறையும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு கஞ்சியில் ஒரு ஸ்பூன் பாலோ, சோற்றில் பிசைந்த புளிக்காத தயிரோ சேர்ப்பதில் தடையில்லை. ஒரு வயது நிறைந்தபின் டம்ளரில் தரலாம், அப்போதும் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம், உங்கள் பாலும் இரண்டு வயதுவரை தொடரட்டும். அதுவரைக்கும் அந்த மாட்டின் பாலை வீட்டில் அதிகம் தேவைப்படுகிற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், அது நீங்கள்தான்.